எந்த விலங்கிடம் எந்தக் கேள்வி

"எலிக்குக் குணமாயிருச்சாம்ல சார், நம்ம பயலுக்கு எப்ப வரும்?"

போனில் வந்த செய்தியை நீட்டிக்கொண்டு அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. திண்டுக்கல்லில் பிசியோதெரபி செய்கிறேன். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, வடமதுரைப் பக்கமிருந்தெல்லாம் தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் டுஷென் வகை. ஏறக்குறைய முழுக்கப் பையன்களைத் தாக்குவது. மூன்று, நான்கு வயதில் அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் சதை பருத்து உருண்டு தெரியும். பார்ப்பவர்கள் பிள்ளை திடமாக இருக்கிறான் என்று நினைப்பார்கள். தரையில் உட்கார்ந்தால் தன் முழங்காலையும் தொடையையும் கையால் பற்றிப் பற்றி, தன் உடம்பின் மேலேயே ஏறி எழுவான். பத்து, பன்னிரண்டு வயது வாக்கில் நடை நின்றுபோகும். பிறகு மூச்சும் இதயமும்.

அந்த அப்பா காட்டும் செய்தி பொய்யில்லை. எந்த எலி, அதனிடம் என்ன கேட்டார்கள், அது எதற்குப் பதில் சொன்னது என்பது மட்டும் அதில் இருக்காது. அதை எடுத்துச் சொல்வதும் என் தொழிலில் சேர்ந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் தினமும் என் கை செய்கிற பல காரியங்களுக்குக் காரணம் அங்கே ஓடிய, நீந்திய, விழுந்த உயிர்கள். அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பிள்ளைகளின் காலைத் தொடக்கூடாது என்பது என் எண்ணம்.

முதலில் அந்த எலியைச் சொல்ல வேண்டும். எம்டிஎக்ஸ் சுண்டெலி என்று பெயர். 1984ல் எடின்பரோவில் புல்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் அதைப் பற்றி எழுதினார்கள். நோய்க்காக அதை யாரும் உருவாக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவந்த எலிகளின் ரத்தத்தில் தசை நொதிகளின் அளவைப் பார்த்தபோது சிலவற்றில் மட்டும் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. நம் பிள்ளைகளுக்கு முதன்முதலில் எழுதிக் கொடுக்கும் சிபிகே பரிசோதனையும் அவற்றில் ஒன்றைப் பார்ப்பதுதான். நோய்க்குக் காரணமான மரபணுவையும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தையும் 1986, 87ல் குங்கெலின் குழு அடையாளம் கண்டது. 79 துண்டுகள் கொண்ட பிரம்மாண்டமான மரபணு அது. அதன் 23ஆவது துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் அந்த எலியின் உடம்பில் டிஸ்ட்ரோபின் உருவாகவில்லை. பிள்ளைக்கும் எலிக்கும் இல்லாமல் போனது ஒரே பொருள்.

இவ்வளவு தெரிந்தபின் அந்த எலி படுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? அது ஓடும், ஏறும், குட்டி போடும். கிட்டத்தட்ட மற்ற எலிகளின் ஆயுளையும் வாழும். பிறந்து மூன்று, நான்கு வாரத்தில் தசைகளில் பெரிய அழிவு ஒன்று நடக்கிறது. பிறகு தசை மறுபடி முளைத்துக்கொள்கிறது. டிஸ்ட்ரோபினுக்கு உறவான யுட்ரோபின் என்ற புரதம் அதன் உடம்பில் இடத்தை நிரப்பிக் கொடுக்கிறது. உடம்போ சிறியது, நாலு காலில் நிற்பது, தசையைப் புதுப்பிக்கும் சக்தியும் அதிகம். ஆகவே எலியின் கால் வலுவாகிவிட்டது என்று ஒரு செய்தி வந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கால் இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடியது என்றுதான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். அந்த அப்பாவிடமும் அப்படியே சொல்வேன். முகம் வாடத்தான் செய்யும். ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது. இப்படிப்பட்ட செய்தியை நம்பித்தான் எங்கெங்கோ கடன் வாங்கி, அனுமதியில்லாத ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டிவிட்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த எலியின் உடம்பில் ஓர் இடம் மட்டும் பிள்ளையைப் போலவே கெடுகிறது. உதரவிதானம். 1991ல் ஸ்டெட்மனும் உடன் இருந்தவர்களும் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள். கால் தசை மீண்டுகொள்ளும்போது, மூச்சிழுக்கும் அந்தத் தசை நாரேறி, விறைத்து, வலுவிழந்துகொண்டே போகிறது. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஓய்வே இல்லாத தசை என்பதால்தான் இந்த நிலைமை என்று விளங்கிக்கொள்ள இடமுண்டு. பிள்ளைகளுக்கு மூச்சு கெடும் என்பது டாக்டர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்ததுதான். எலி கொடுத்தது காரணம். புரதம் இல்லாதது ஒரு பாதி, அந்தத் தசைமேல் விழும் வேலை மறுபாதி.

அதனால் நடக்கிற பிள்ளையாக இருந்தாலும் என் கை முதலில் காலுக்குப் போவதில்லை. பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையைத் தொப்புளுக்கு மேலும் ஒரு கையை விலாவின் ஓரத்திலும் வைப்பேன். மூச்சிழுக்கும்போது வயிறு எழ வேண்டும், விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். வயிறு உள்வாங்கி நெஞ்சு மட்டும் மேலே போனால் உதரவிதானம் தளர்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். பையன்களுக்கு இது விளையாட்டு. போன தடவையைவிட ஒன்றாவது கூட எண்ண வேண்டும் என்று முகம் சிவக்க எண்ணுவார்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் நுரையீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்புகிறேன். காலையில் தலைவலி இருக்கிறதா, ராத்திரியில் அடிக்கடி புரட்டிப் போடச் சொல்கிறானா என்று அம்மாவிடம் கேட்பதும் இதையொட்டித்தான்.

எலி கற்றுக்கொடுத்த இன்னொன்று எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ரொம்பவும் வேண்டியது. 1993ல் பெட்ரோஃப் முதலானோர் இந்த எலியின் தசையைச் சுருங்க வைத்து, சுருங்கும்போதே இழுத்தார்கள். சவ்வு கிழிந்த தசை இழைக்குள் மட்டுமே நுழையக்கூடிய சாயம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். இழுபட்டுக்கொண்டே சுருங்கிய தசையில் சாயம் ஏறிய இழைகள் மிகுதி. டிஸ்ட்ரோபின் என்ன வேலை செய்கிறது என்பது அதில் துலங்கியது. தசை இழையின் தோலைக் கிழியாமல் காப்பது அது. அது இல்லாதபோது மிகவும் கெடுப்பது பாரம் தூக்குவதோ ஏறுவதோ அல்ல. இறங்குவது, பாரத்தை அடக்கி மெதுவாகக் கீழே விடுவது. சரிவில் இறங்கி ஓடவைத்த எலிகளிலும் இதையே கண்டார்கள்.

இது தெரிந்தபின் பள்ளிக்கூடத்துத் தோப்புக்கரணத்தை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே சுருங்குகிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று தோப்புக்கரணம் போடவைத்து, மறுநாள் சிறுநீர் காப்பி நிறத்தில் போனதால் பதறி ஓடிவந்தார்கள் ஒரு பையன் வீட்டில். தசை உடைந்து சிறுநீரில் வந்த நிறம் அது. அன்றிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். உட்கார்ந்து எழும் தண்டனை கூடாது, மாடி வகுப்பு கூடாது, விளையாட விடலாம், களைத்தால் நிறுத்திக்கொள்ள விட வேண்டும். ஜிம்முக்கு அனுப்பினால் கால் தேறும் என்று நம்பும் மாமாக்களுக்கும் இதே பதில்தான்.

பழனிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. பிள்ளை நடந்தால் படியேற்றிக் கூட்டிவருவதாக வேண்டுதல். 693 படி. வேண்டுதலைக் கைவிடச் சொல்ல நான் யார்? ஆனால் போகும்போது வின்ச்சில் ஏறி, வரும்போது "இறங்குறதுதானே சார், ஈசி" என்று நடத்திக் கூட்டிவருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பிள்ளையின் தொடைக்கு அதுவே கேடு. ஏறும்போது நாலு படி அவன் ஆசைக்கு ஏறட்டும், இறங்கும்போது கண்டிப்பாக வின்ச் அல்லது ரோப் கார் என்று மாற்றிச் சொல்கிறேன். நம்ம ஊர் மலைக்கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனாலும் இதே பேச்சுதான். தோட்டத்தில் பம்ப்செட் தொட்டி இருப்பவர்களிடம் அதில் இறக்கி விளையாட விடுங்கள் என்கிறேன். தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், தசை இழுபடாமல் வேலை செய்யும். இடுப்பளவுத் தண்ணீர் போதும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

எலியால் சொல்ல முடியாததை நாய் சொன்னது. கோல்டன் ரெட்ரீவர் நாய்களில் இதே மரபணுக் கோளாறு தானாகவே வந்தது. ஜோ கோர்னகே என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1988ல் அதை விவரித்து, தம் வாழ்நாளை அதற்கே கொடுத்தார். நாய்க்குட்டி பிள்ளையைப் போலவே தளர்கிறது. மூட்டு மடங்குகிறது, விழுங்கச் சிரமப்படுகிறது, இதயம் கெடுகிறது. கோர்னகே நாயின் பின்னங்கால் கணுவின் கோணத்தை அளந்து, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அதை ஓர் அளவுகோலாக்கினார். நானும் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை வைத்துக் கணுக்காலைத்தான் அளக்கிறேன். குதிகால் தசை குறுகினால் பையன் முன்பாதத்தில் நடப்பான். குறுகல் கூடக்கூட நடை போகும்.

இங்கே அம்மாக்களுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுக்க வேண்டும். நீவிவிடும்போது எல்லோரும் பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளினால் நடுப்பாதம்தான் வளையும், குதிகால் தசை நீளாது. முழங்காலை நீட்டி வைத்து, குதிகாலை உள்ளங்கைக் குழிக்குள் பிடித்து, முன்கையைப் பாதத்தின் அடியில் அணைகொடுத்து, குதிகாலைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். மெதுவாக. கெண்டைக்காலின் அடியில் ஒரு விறைப்பு தட்டுப்படும். அங்கே நிறுத்தி முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அழும்படி இழுத்தால் தசை இன்னும் இறுகும். ஸ்பின்னிங் மில் ஷிப்டு முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, தூங்கும் பிள்ளையின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இதைச் செய்யும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் நேர்த்தி பல பயிற்சி மாணவர்களிடம் இல்லை.

நாய் சொன்ன இன்னொரு சேதி மருந்துக் கம்பெனிகள் காதில் விழ வேண்டியது. வைரஸில் மரபணுவை ஏற்றி அனுப்பும் சிகிச்சை எலியில் சுமுகமாக நடந்தது. நாயில் செய்தபோது அதன் நோயெதிர்ப்புச் சக்தி சீறி எழுந்தது. 2007லேயே இது அச்சில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2023ல் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையை எடுத்துக்கொண்டவர்களில், நடை நின்றுபோயிருந்த இரண்டு இளைஞர்கள் 2025ல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அதைப் பற்றிய எச்சரிக்கைக்குறி எலியிடம் இருந்திருக்காது. பெரிய உடம்பும் விழிப்பான எதிர்ப்புச் சக்தியும் உள்ள விலங்கிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது.

ரிங்கோ என்று ஒரு நாய். பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் மயானா சாட்ஸ் என்ற மரபியலாளரின் பராமரிப்பில் இருந்தது. அதன் தசையில் டிஸ்ட்ரோபின் துளியும் இல்லை. சிபிகே எகிறிக் கிடந்தது. கூடப் பிறந்தவை தளர்ந்தன. ரிங்கோ மட்டும் ஓடியது, பதினோரு வயதுவரை இருந்தது. அதன் மகன் சுஃப்ளேரும் அப்படியே. ஜாக்டு 1 என்ற மரபணு அவற்றில் கூடுதலாக வேலை செய்ததுதான் காரணம் என்று 2015ல் கண்டுபிடித்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு பையன்களுக்கும் இந்த நோய் இருந்து, அண்ணன் ஒன்பது வயதில் உட்கார, தம்பி பதின்மூன்றிலும் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ரிங்கோ நினைவு வரும். "மூத்தவனுக்கு நான் சரியா செய்யல போல" என்று அந்த அம்மா அழுதால், ஒரே தாய் வயிற்று நாய்க்குட்டிகளிலும் இப்படித்தான்மா நடந்தது, உங்கள் கையில் குறையில்லை என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கிறது.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிக்குதிரை மீன் நம் நாட்டு மீன். 1822ல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைப் படுகை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் அதை விவரித்தார். இப்போது உலகமெங்கும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள். டிஸ்ட்ரோபின் இல்லாத வகைக்கு சப்யே என்று பெயர். சில நாள் வயதுள்ள குஞ்சு கண்ணாடிபோல இருக்கும். முனைவாக்கிய ஒளியில் வைத்துப் பார்த்தால் நல்ல தசை அம்புத்தலை அம்புத்தலையாக வெள்ளையாக மின்னும். சப்யே குஞ்சில் அந்த மின்னலுக்கு நடுவே கறுப்பாகப் பொத்தல் விழுந்திருக்கும். தசை பிடிமானத்திலிருந்து கழன்ற இடம் அது. கத்தி வைக்காமல், உயிரோடு, நூற்றுக்கணக்கில் பார்த்துவிடலாம். எந்த மருந்தைத் தொடர்ந்து ஆராயலாம் என்று சலிப்பதற்கு மீன் நல்லது. அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றக் கூடாது. ரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகள் மீனிலும் எலியிலும் நம்பிக்கை தந்தன. அவற்றில் ஒன்றான டடலாஃபிலை 331 பையன்களிடம் சோதித்து 2017ல் முடிவு வெளியானபோது, நடை தளர்வதை அது தடுக்கவில்லை. மறுபுறம், இன்று நம் பிள்ளைகள் சாப்பிடும் பிரெட்னிசோலோன் வகை மருந்து பயன்படுகிறது என்பதற்குத் திடமான சான்று 1989ல் நேரடியாகப் பையன்களிடமிருந்தே வந்தது.

அய்யலூர் ஆட்டுச் சந்தை பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, ஆட்டின் கதையை எங்கள் ஆட்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசியில் ஓர் ஆட்டு இனம், அதிர்ச்சியானால் கால் விறைத்துச் சாய்ந்துவிடும். மயங்குவதில்லை, நினைவு அப்படியே இருக்கும், சுருங்கிய தசைதான் விடாது. மனிதர்களில் இதே விறைப்பை 1876ல் எழுதியவர் தாம்சன் என்ற டாக்டர். அவருக்கும் அவர் குடும்பத்துக்குமே அந்த நோய். 1960களில் பிரயன்ட் ஆட்டின் தசையில் குளோரைடு கடத்தல் குறைந்திருப்பதைக் கண்டார். மனிதனுக்கும் அதுவே காரணம் என்பது பின்னால் உறுதியானது. 1992ல் மரபணுவும் கிடைத்தது. இங்கே விலங்கு நூற்றுக்கு நூறு சரியாகப் பேசியது. விறைக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் தாத்தாவிடம் ஆட்டைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார். எழுந்ததும் ஓடாமல், நாலைந்து தடவை கையைக் காலை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்பு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப அசைத்தால் ஆட்டுக்கும் மனிதனுக்கும் விறைப்பு விடுகிறது.

மூட்டுக்கு வந்தால் விலங்கு வாயே திறக்காத இடம் ஒன்று இருக்கிறது. ஐந்தாறு வயதில் விரல் கணுக்கள் பெருத்து, நடை மாறி, மூட்டுவாதம் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. கணுவின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். மூட்டுவாதத்தில் கணு கதகதப்பாக, மெத்தென்று இருக்கும். இவர்களுடையது கெட்டியாக, பக்கத்துத் தோலின் சூட்டிலேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். சரியாக இருக்கும். முதுகை எக்ஸ்ரே எடுத்தால் முள்ளெலும்புகள் தட்டையாகத் தெரியும். போலி மூட்டுவாதம் என்று சொல்லத்தக்க இந்தப் பரம்பரை நோய்க்கு சிசிஎன்6 மரபணு காரணம். அந்த மரபணுவை முழுக்க நீக்கிய எலிகளைப் பற்றி 2005ல் கட்டுரை வந்தது. எலிகளின் மூட்டில் ஒரு குறையும் இல்லை. இந்த நோயில் நமக்குப் பாடம் சொன்னவை இந்தியக் குடும்பங்கள், ஹைதராபாத்தின் சி.டி.எஃப்.டி. ஆய்வாளர்களும் மற்றவர்களும் 2012ல் அவர்களிடமிருந்து இம்மரபணுவின் பிழைகளைத் தொகுத்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இது வரும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள். ஆகவே இங்கே கவனமாகத் தேட வேண்டிய நோய்.

இதையும் டுஷென்னையும் போட்டுக் குழப்பி, "மாமன் மகளைக் கட்டாதேன்னு சொன்னேன், கேட்டானா" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்கள் உண்டு. டுஷென் அம்மாவின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அது புதிதாகவே தோன்றுகிறது.

இந்த உயிர்களை இப்படிப் பயன்படுத்தலாமா என்று மனசு கேட்காமல் இல்லை. நம் நாட்டில் 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. அனுமதியில்லாமல் செய்ய முடியாது. டெக்சாஸில் இந்த நோயுள்ள நாய்களை வளர்த்த பல்கலைக்கழகம் எதிர்ப்புக்குப் பின் இனப்பெருக்கத்தை நிறுத்தியது. நாய்க்குட்டி உணவை விழுங்க முடியாமல் தவிக்கும் படத்தைப் பார்த்தவன் நான். அந்த எதிர்ப்பை லேசாக ஒதுக்க மாட்டேன். அதே சமயம், அளப்பதில் கவனமில்லாத ஆய்வை அதைவிடப் பெரிய கொடுமை என்று நினைக்கிறேன். எலியின் பிடி வலுவைக் கம்பியைப் பிடிக்கவைத்து வாலைப் பிடித்து இழுத்து அளக்கிறார்கள். இழுப்பவர் வேகம், எலியின் மனநிலை, அன்றைய களைப்பு எல்லாம் எண்ணில் ஏறிவிடும். ஆறு நிமிட நடையை அளக்கும்போது என் முன்னால் நிற்கும் பையனும் அப்படித்தான். பசித்தால் ஒரு தூரம், முடிவில் அப்பா நின்றால் ஒரு தூரம். எந்த எலிக்கு மருந்து போயிருக்கிறது என்று தெரியாமல் அளந்தார்களா, எத்தனை வார வயது, உதரவிதானத்தைப் பார்த்தார்களா என்று தேடிப் பார்த்த பின்புதான் ஒரு செய்தியை நம்பலாமா என்று அந்த அப்பாவுக்குச் சொல்கிறேன்.

மரபணுப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூரில் டுஷென்னுக்காகவே இயங்கும் எம்.டி.சி.ஆர்.சி. மையத்தைச் சொல்கிறேன். எத்தனையாவது துண்டு விட்டுப்போயிருக்கிறது என்பது தெரிந்தால்தான் எந்த மருந்து வந்தால் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பேசவே முடியும். ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் பையனின் தாளைத்தான் பார்ப்பார்கள். நான் அம்மாவின் தாளைக் கேட்பேன். அவரும் பழுதைத் தாங்குபவர் என்றால் அவருடைய இதயமும் தளரக்கூடும். நோயைச் சுமந்த பெண் நாய்களின் இதயத்திலும் மாற்றங்களைப் பார்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறவர் அவர்தான். "எனக்கு என்ன சார், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். இருந்தாலும் பையனுக்கு எக்கோ எழுதும் டாக்டரிடம், அதே நாளில் அம்மாவுக்கும் ஒன்று எழுதிவிடுங்கள் என்று சீட்டில் குறித்து அனுப்புகிறேன். தனியாக இன்னொரு நாள் என்றால் அவர் வரமாட்டார்.